பிள்ளைகளுக்குக் களை பிடுங்கவும் சட்டி பானை கழுவவும் பழக்குவது எப்படி

போன வருடம் ஒரு சனிக்கிழமை இரவு சொதி பரிமாறக் கரண்டியை எடுத்தேன், கைப்பிடியும் கிண்ணமும் சேரும் இடுக்கில் ஈரமண் ஒட்டியிருந்தது. விசாரித்தால் ஒன்பது வயது மகளின் வேலை. பின்னேரம் மிளகாய்க் கன்றுகளுக்குப் பக்கத்தில் நிற்கிற புல்லைப் பிடுங்கச் சொல்லியிருந்தேன், கை வலித்திருக்கிறது, குசினிக்குள் போய்க் கரண்டியை எடுத்துக் கிண்டியிருக்கிறாள், முடிந்ததும் பைப்புக்குக் கீழே ஒருதரம் பிடித்துவிட்டு இருந்த இடத்திலேயே கொளுவியும் வைத்திருக்கிறாள். "கழுவித்தானே அம்மா வைச்சனான்" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. பத்து நாளில் அதே இடத்தில் அதே புல் திரும்ப நின்றது, அதையும் அவள் பிடுங்கித்தான் இருந்தாள்.

அன்றுதான் எனக்கு விளங்கியது, பிடுங்கு என்றும் கழுவு என்றும் சொன்னேனே தவிர, எதுவரைக்கும் பிடுங்க வேண்டும், கழுவி முடிந்தால் பாத்திரம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒருநாளும் காட்டவில்லை. புல்லுக்கு மண்ணுக்குக் கீழே பாதி இருக்கிறது, கரண்டிக்கு இடுக்கில் பாதி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பாதியைப் பார்க்கப் பழக்கினால் மற்றதெல்லாம் பிள்ளைகளே செய்துகொள்வார்கள். அதனால் இரண்டையும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாகப் பழக்கத் தொடங்கினேன். கொழும்பை அடுத்த தெஹிவளையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பது ஒரு லொறி நிற்கும் அளவு நிலம்தான். 2022 பொருளாதார நெருக்கடியில், அரசாங்க ஊழியர்களுக்கு வீட்டுத்தோட்டம் செய்யவென்று வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்களே, அந்த ஆனி மாதம் கொத்தித் தொடங்கியது.

முதலில் நேரம். கொழும்புப் பிள்ளைகளுக்குச் சனி முழுக்க டியூஷன், ஞாயிறு காலை அறநெறி வகுப்பு. இடையில் கிடைப்பது ஞாயிறு காலை ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவே ஒரு அரை மணி நேரம். அது போதும், வெயிலும் ஏறியிருக்காது. மழை பெய்த மறுநாள் என்றால் இன்னும் நல்லது, மண் இளகி வேர் முழுதாக வரும். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இங்கே மழைக்குக் குறைவில்லை, களைக்கும் குறைவில்லை, ஆகவே பழக்குவதற்கு அந்த மாதங்களைப் பிடியுங்கள். காய்ந்து இறுகிய மண்ணில் முதல்நாள் இறக்கினால் புல் நடுவில் அறும், கை எரியும், அடுத்த கிழமை பிள்ளை வராது.

"தோட்டத்தைத் துப்புரவாக்கு" என்று சொல்லவே சொல்லாதீர்கள். பெரிய பிள்ளைக்கு ஒரு பாய் அளவு இடம், சின்னவனுக்கு ஒரு சுளகு அளவு. நான் உண்மையிலேயே பழைய பாயை நிலத்தில் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்து, பாயை எடுத்துவிட்டு "இதுக்குள்ள மட்டும்" என்று காட்டுவேன். எல்லை தெரிந்தால் பிள்ளை அதை முடிக்கப் பார்க்கும்.

முதல் ஞாயிறு எதையும் பிடுங்க விடாமல் சுற்றிக் காட்ட மட்டும் செய்யுங்கள். எது களை என்பதைவிட எது களை இல்லை என்பதைத்தான் முதலில் பழக்க வேண்டும். இதை நான் தலைகீழாகச் செய்து, மகன் ஐந்து வயதில் ஒரு வரிசைப் பயற்றங்காய் நாற்றைச் சுத்தமாகப் பிடுங்கிக் கையில் கொத்தாகக் கொண்டுவந்து நீட்டினான், எவ்வளவு சந்தோஷம் முகத்தில். அவனை ஏசினது என் பிழை, இன்றைக்கும் மனதில் கிடக்கிறது. இப்போது நட்ட ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் ஒரு ஈர்க்கு குத்தி வைக்கிறோம், ஈர்க்கு நிற்கும் இடத்தில் கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். வல்லாரையும் பொன்னாங்காணியும் ஈரம் கண்ட இடமெல்லாம் தானாக ஓடும், பிள்ளைக்கு அதுவும் புல்தான். அவற்றை ஒரு இலை பறித்துக் கசக்கி மணக்கக் கொடுங்கள், மத்தியானம் அதே இலையைச் சம்பலாகவும் வறையாகவும் கோப்பையில் காட்டுங்கள், பிறகு மறக்கவே மாட்டார்கள். கீழ்க்காய்நெல்லி, குப்பைமேனி போன்றவை பாத்தியில் நின்றால் களை, அம்மம்மாவுக்குத் தெரிந்தால் மருந்து. அவற்றைப் பிடுங்கலாம், ஆனால் பெயர் சொல்லிப் பிடுங்கச் சொல்லுங்கள்.

சரி, இனிக் கோரை. கொழும்பு மண்ணில் பிள்ளை தோற்பதும் இதிடம்தான், கற்பதும் இதிடம்தான். மேலே பார்த்தால் சாதாரணப் புல். தண்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டச் சொல்லுங்கள். அறுகம்புல் உருளும், கோரை உருளாது, தண்டு முக்கோணம், மூன்று விளிம்பும் விரலில் தட்டும். கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கலாம், என் மகனுக்கு இது பெரிய வித்தை. அடுத்தது, பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் மேல்பகுதி கையோடு வந்துவிடும், கீழே கறுப்பு நிறத்தில் ஒரு சிறு கிழங்கு அப்படியே கிடந்து சில நாளில் புதுத் தளிர் விடும். ஒரு கிழங்கிலிருந்து மெல்லிய வேர்க்கம்பி ஓடி அடுத்த கிழங்கு, அதிலிருந்து அடுத்தது, மணிமாலை மாதிரி. புல்லிலிருந்து நாலு விரல் தள்ளிச் சிறு மண்வெட்டியைச் சாய்க்காமல் நேராக இறக்கி, மண்ணைக் கட்டியாகக் கிளப்பி, கையால் உடைத்து அந்த மாலையைத் தேட வேண்டும். கிழங்குகளில் அதிகமானவை மேல் அரை அடிக்குள்தான் இருக்கும், பிள்ளையின் கைக்கு எட்டும் ஆழம். உடைத்து மணந்தால் ஒரு மருந்து வாசம் வரும், அதையும் காட்டுங்கள். எங்கள் வீட்டில் எத்தனை புல் என்று எண்ணுவதில்லை, எத்தனை கிழங்கு என்றுதான் எண்ணுவோம். ஒரு ஞாயிறு மகள் நாற்பத்தொன்று எடுத்தாள், அதுதான் இன்றுவரை கூடியது.

ஒருதரத்தில் கோரை போய்விடும் என்று மட்டும் நம்பிக்கை கொடுத்துவிடாதீர்கள். தப்பின கிழங்கு முளைக்கத்தான் செய்யும். இரண்டு கிழமைக்கு ஒருதரம், தளிர் சின்னதாக இருக்கும்போதே திரும்பத் திரும்ப எடுத்தால் கிழங்கின் பலம் குறைந்துகொண்டே போகும். அதோடு கோரைக்கு நிழல் ஆகாது, வற்றாளைக் கொடி மாதிரி நிலத்தை மூடும் பயிரை அங்கே விட்டால் பாதி வேலை அது செய்யும்.

மற்றவை சுகம். தொட்டாற்சுருங்கியைப் பிள்ளைகள் விளையாட்டுச் செடி என்று விட்டுவைப்பார்கள், ஒன்றிரண்டு மூலையில் நிற்கட்டும், ஆனால் காய் பிடிக்க முதல் வெட்டிவிட வேண்டும், அதன் விதை மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். முள் இருப்பதால் கையுறை போட்டு, அடித்தண்டைப் பிடித்து ஆணிவேரோடு எடுக்க வேண்டும். அம்மான் பச்சரிசி, எருக்கலை மாதிரி ஒடித்தால் பால் வரும் செடி எதுவானாலும், அந்தக் கை கண்ணுக்குப் போகக் கூடாது, உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். பள்ளி லீவுக்கு வவுனியா, யாழ்ப்பாணம் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் பார்த்தீனியத்தை வெறுங்கையால் தொட விடாதீர்கள், தோல் கடித்துத் தடிக்கும்.

கருவி விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். ஊரில் புல் செதுக்குகிற உழவாரம் கிடைத்தால் ஒன்று கொண்டுவாருங்கள், அகலமான தட்டை அலகும் நீளப் பிடியும், குனிந்து முதுகு ஒடியத் தேவையில்லை. பாதை ஓரத்தில் நிற்கும் சின்னப் புல்லுக்கு அதைப்போல வேறு இல்லை. பிள்ளைகளுக்கு அதை முதலில் எப்படிக் கொடுத்தேன் என்றால், கோயிலில் அப்பர் சுவாமி தோளில் சாய்த்து வைத்திருப்பது இதுதான் என்று காட்டிக் கொடுத்தேன். கோயில் வீதியில் புல் செதுக்கினதைத்தான் அவர் தொண்டாகச் செய்தார் என்பது அறநெறி வகுப்பில் படித்த பாடம், ஆனால் கையில் பிடித்தபோதுதான் மகள் "இது இவ்வளவு பாரமா" என்று கேட்டாள். அலகு கூர் என்பதால் பத்து வயதுக்கு மேல்தான், அதுவும் பெரியவர் பக்கத்தில் நிற்க.

பாதுகாப்பை இறுக்கமாகப் பிடியுங்கள். செருப்பு இல்லாமல் ஒருவரும் இறங்கக் கூடாது. கையிலோ காலிலோ காயம் இருந்தால் பிளாஸ்டர் போட்டாலும் அன்று தோட்டம் இல்லை, எலியின் சிறுநீர் கலந்த ஈரமண்ணும் தேங்கிய தண்ணீரும் காயத்தில் பட்டுத்தான் எலிக்காய்ச்சல் வருகிறது, கொழும்பில் எலி இல்லாத வளவு எங்கே இருக்கிறது? அடர்ந்த இடத்தில் கை விட முதல் தடியால் தட்ட வேண்டும், மட்டத்தேள் கல்லுக்கும் காய்ந்த ஓலைக்கும் கீழேதான் கிடக்கும். அதே நேரத்தில் சிரட்டை, யோகட் கப், பூச்சாடித் தட்டு என்று தண்ணீர் நிற்கும் எல்லாவற்றையும் கவிழ்க்கும் பொறுப்பைச் சின்னவருக்குக் கொடுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கிற அளவுக்கு வளர ஏழு பத்து நாள் போதும், ஆகவே கிழமைக்கு ஒருதரம் என்பது சரியான கணக்கு.

பிடுங்கினதை எங்கே போடுவது? விதை இல்லாத களை கூட்டெருக் குழிக்குப் போகலாம். கோரைக் கிழங்கும் பூத்துக் காய்த்ததும் போகக் கூடாது, எருவோடு திரும்பப் பாத்திக்கு வரும். கிழங்குகளைச் சீமெந்துத் தரையில் பரப்பி, நல்ல வெயிலில் சில நாள் சுருங்கி மொறுமொறுவென்று ஆகும்வரை காயவிட்டுத்தான் எறிகிறோம். பொலித்தீன் பையில் கட்டி எல்லாவற்றையும் மாநகரசபை லொறிக்குக் கொடுக்கலாமே என்று மகள் கேட்டாள். 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து வீடுகள் புதைந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை அவளுக்குச் சொன்னேன். இங்கிருந்து அது அதிக தூரம் இல்லை. மண்ணுக்குள் போகக் கூடியதை ஏன் லொறியில் ஏற்ற வேண்டும் என்பதை அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டி வரவில்லை.

களைநாசினி பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான், பிள்ளை கை வைக்கும் மண்ணில் வேண்டாம். கிளைஃபோசேட்டை 2015இல் தடை செய்தார்கள், 2022இல் தடையை எடுத்தார்கள், கடையில் கிடைக்கிறது என்பதற்காக ஒரு பாய் அளவு நிலத்துக்கு அது தேவைப்படாது. உப்புத் தண்ணீரும் ஊற்றாதீர்கள், புல்லோடு மண்ணும் கெட்டுப்போகும். களை எடுத்த இடத்தைக் காட்போட் மட்டையால் மூடி, அதன் மேல் தும்புச்சோறோ காய்ந்த இலையோ நாலு விரல் உயரத்துக்குப் போடுங்கள், வெளிச்சம் போகாத இடத்தில் விதை முளைப்பது குறைவு. சீமெந்து வெடிப்பில் நிற்கும் புல்லுக்குக் கொதிதண்ணீர் நல்லது, அதைப் பெரியவர்தான் ஊற்ற வேண்டும். தொடர்மாடியில் இருப்பவர்கள் நிலம் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள், பால்கனிப் பூச்சாடியில் புளியாரை வராத வீடு இல்லை, ஒரு பழைய முள்ளுக்கரண்டியோடு ஆறு வயதுப் பிள்ளைக்கு அது போதிய தோட்டம்.

பழைய முள்ளுக்கரண்டி என்றேன், அதில் சிவப்பு டேப் சுற்றுங்கள். டேப் சுற்றினது தோட்டத்துக்கு, சுற்றாதது குசினிக்கு, ஒருநாளும் மாறக் கூடாது. தோட்டக் கருவியை வெளிப் பைப்பில்தான் கழுவ வேண்டும், குசினித் தொட்டிக்குள் கொண்டுவரக் கூடாது. முதலில் குச்சியால் மண்ணைச் சுரண்டி, தும்பால் தேய்த்து, துணியால் துடைத்து, இரும்பென்றால் இரண்டு துளி தேங்காயெண்ணெய் பூசிக் கொளுவ வேண்டும். பிறகு கை, நகக்கண், முழங்கை வரை சவர்க்காரம். உடுப்பும் மாற்றிக்கொண்டு குசினிக்குள் வரட்டும்.

குசினியில் முதலில் பழக்க வேண்டியது ஒழுங்கு. பேணியும் கிளாஸும் முதலில், பிறகு கோப்பை, கரண்டி, கடைசியில் எண்ணெய்ச் சட்டி. இது மாறினால் தேத்தண்ணிப் பேணியில் மீன்குழம்பு வாசம். அடுத்தது தண்ணீர்: மா, முட்டை, பால் பட்டது பச்சைத் தண்ணீரில் ஊற வேண்டும், சுடுதண்ணீர் பட்டால் இறுகி ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்க்குச் சுடுதண்ணீரும் சவர்க்காரமும். ஒரே கிண்ணத்தில் முட்டை ஒட்டினதை இரண்டு விதத்திலும் கழுவிக் காட்டினால் பிள்ளைக்கு ஒரு நாளில் விளங்கும். தேய்க்கும்போது பைப்பைப் பூட்ட வேண்டும், களனி ஆற்றுத் தண்ணீரை அம்பத்தலையில் சுத்திகரித்து இவ்வளவு தூரம் அனுப்புகிறார்கள், பில்லும் நாங்கள்தான் கட்டுகிறோம். அரிசி கழுவின தண்ணீர் கன்றுகளுக்கு.

கண் பழகுவதற்கு இடியப்ப உரலைப் போல ஒரு பாத்திரம் இல்லை. இடியப்பம் அவித்த கையோடு உரலைத் தண்ணீரில் போடாவிட்டால் மா காய்ந்து சீமெந்து மாதிரி ஆகிவிடும். மர உரல் என்றால் ஊறவும் விடக் கூடாது, மரம் உப்பிப் பிறகு உலக்கை இறங்காது, உடனே கழுவ வேண்டும். மா பிழிந்து வரும் துளைகள் உள்ள வில்லை தகடாகவோ சில்வராகவோ இருந்தால் கால் மணி நேரம் பச்சைத் தண்ணீரில் விட்டு, மா வெள்ளையாகக் கிளம்பினதும், ஈர்க்கை எடுத்து ஒவ்வொரு துளையாக உள்ளிருந்து வெளியே தள்ள வேண்டும். வெளியிலிருந்து குத்தினால் மா உள்ளே போய்த் திரும்ப அடைக்கும். முடிந்ததும் வில்லையை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். திறந்த துளை ஒளிரும், அடைத்த துளை கறுப்பாக நிற்கும். என் மகன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்து "இன்னும் மூன்று இருட்டு" என்பான். நான் சரி பார்ப்பதில்லை, அவன்தான் பார்க்க வேண்டும்.

புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டிக்குச் சவர்க்காரமே வேண்டாம், பின்னலுக்குள் ஊறி அடுத்த புட்டில் மணக்கும். பழைய பல்துலக்கும் பிரஷால் பின்னல் போகும் பக்கமாகத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்தால் போதும். கொழும்பின் ஈரக் காற்றில் ஓலையும் மரமும் ஒரு இரவில் பூஞ்சணம் பிடிக்கும், ஆகவே காயாததை அலுமாரிக்குள் வைக்க விடாதீர்கள். மண்சட்டியும் சவர்க்காரத்தைக் குடிக்கும், அதற்குச் சுடுதண்ணீரும் தும்பும் கொஞ்சம் சாம்பலும். இரும்புத் தாச்சியையும் தோசைக்கல்லையும் கழுவின உடனே துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். மரப்பலகையை உப்புப் போட்டுத் தேசிக்காய்ப் பாதியால் தேய்த்து, கழுவி, நிறுத்தி வைத்துக் காயவிட வேண்டும், மீன் இறைச்சிக்குத் தனிப் பலகை. கழுவுகிற துணியையும் ஸ்பொஞ்சையும் பிழிந்து விரிக்கத் தெரியாவிட்டால் கழுவின பாத்திரம் முழுக்க அழுக்குத்தான், என்னைக் கேட்டால் இதைத்தான் முதல் கிழமையே பழக்குவேன்.

சுத்தம் என்றால் என்ன என்பதற்கு எங்கள் வீட்டில் இரண்டு சோதனை. பெருவிரலால் உள்பக்கம் ஒருதரம் தடவ வேண்டும், வழுக்கக் கூடாது. பிறகு மணந்து பார்க்க வேண்டும். கரண்டிக்கு மட்டும் மூன்றாவதாக அந்த இடுக்கு.

பையனைத் தோட்டத்துக்கும் பொம்பிளைப் பிள்ளையைக் குசினிக்கும் என்று பிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் அம்மம்மா முதலில் "ஆம்பிளைப் பிள்ளையை ஏன் பிள்ளை சட்டி கழுவ விடுறாய்" என்று கவலைப்பட்டா. இருவரும் சாப்பிடுகிறார்கள், இருவரும் கழுவட்டும் என்று சொன்னேன், இப்போது இடியப்ப உரலை அவனிடம்தான் கொடுக்கிறா. காசு கொடுத்தும் பழக்காதீர்கள், அடுத்த கிழமை விலை பேசுவார்கள். பிள்ளை கழுவினதை அதன் கண்ணுக்கு முன்னால் திரும்பக் கழுவுவதும் கூடாது, குறை இருந்தால் கையில் கொடுத்து எங்கே என்று கேளுங்கள்.

கத்தி பத்து வயதுக்கு மேல். நுரைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டுக் கை விட்டுத் தேடக் கூடாது, ஒவ்வொன்றாகக் கையில் பிடித்து, முதுகுப் பக்கமிருந்து துணியை வைத்து, கூர் வெளியே பார்க்கத் துடைக்க வேண்டும். மிக்சியின் பிளேட் என் வேலை. திருவலையின் பல்லுக்குள் தேங்காய்ப்பூ ஒட்டிக் காய்வதால் அதுவும் பிரஷ் வேலைதான், ஆனால் கை வழுக்கினால் பெரிய காயம். மகள் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். தை மாதம் பத்து முடிகிறது, அன்றைக்குத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.